குருசுக்குப்பத்தில் சல்லடை விற்றோம்

புயல் கடந்த மறுநாள், குருசுக்குப்பம் கரையில் மீன் விற்கும் ஒரு பெண்ணுக்கு மணலில் தங்க மூக்குத்தி கிடைத்தது. மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் அது தங்கக் காசுகளாகிவிட்டது. விடிந்ததும் வில்லியனூர், பாகூர் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கரையைக் கிளற ஆரம்பித்தார்கள்.

எங்களுக்கு மூலக்குளத்தில் பாத்திரக் கடை. என் கணவர் கடையை என்னிடம் விட்டுவிட்டு அவரும் தேடப் போய்விட்டார்.

"எல்லாரும் கையாலயே அள்றாங்க. ஒருத்தர்கிட்டயும் சல்லடை இல்ல" என்றார் போனில்.

அவர் அதைச் சும்மாதான் சொன்னார். நான் கடையிலிருந்த மாவுச் சல்லடை, பக்கெட், பிளாஸ்டிக் முறம் எல்லாவற்றையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

விலையைக் கூட்டித்தான் விற்றேன். யாரும் பேரம் பேசவில்லை. பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர்கூடப் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு வந்து வாங்கினார். பக்கத்திலேயே டீயும் சுண்டலும் விற்க ஆள் வந்துவிட்டது. சலித்தவர்களில் பெரும்பாலோருக்குக் கிளிஞ்சல்தான் மிச்சம்.

அடுத்த நாள் ஒரு பெண் வந்து, கண் சிறிதாக உள்ள சல்லடை கேட்டாள்.

"நீயும் தேடறியாம்மா?"

"எங்க ஊட்டுப் பின்சுவரு இடிஞ்சி, பீரோவ கடலு எடுத்துக்கிச்சிக்கா. நகை அதுலதான் இருந்துச்சி."

அவளிடம் காசு வாங்க எனக்கு மனம் வரவில்லை. "எடுத்துக்கிட்டுப் போ" என்றேன்.

"சும்மா வேணாங்கா" என்று பணத்தை வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் என் கணவருக்கு ஒரு ஜிமிக்கி கிடைத்தது. நிஜத் தங்கம். ஓடிவந்து காட்டினார். நான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"அவளுதுன்னு எப்பிடித் தெரியும்?"

"கேட்டாதான தெரியும்?"

இருவரும் போனோம். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஜிமிக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன்னுடையது என்று அவள் சொல்லியிருந்தால் கேள்வி கேட்காமல் கொடுத்திருப்போம்.

"எங்களுது இல்லண்ணா. அதுல செவப்புக் கல்லு இருக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி குனிந்து சலித்தாள்.

என் கணவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சல்லடையில் மண் அள்ளிப்போட்டார். பொழுது சாயும்வரை சிவப்புக் கல் எதுவும் தட்டுப்படவில்லை.

சில நாட்களில் அலை மணலைக் கொண்டுவந்து மூடியது, கூட்டம் கலைந்தது. ஜிமிக்கியைக் குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் கொடுத்தோம். சல்லடை விற்ற லாபத்தில் கடைக்குப் புது ஷட்டர் போட்டோம்.