கண்ணாடிப் பெட்டிக்குச் சேனை

உள்ளே தள்ளும் தண்டைக் கழற்றிய சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்கிறார் ஆன்சி. இன்னொரு காலில் குதிகால் வலி. சிரிஞ்சிலுள்ள பால், நூல்போன்ற குழாய் வழியாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் குழந்தையின் வயிற்றுக்கு இறங்குகிறது. புது நர்சுகள் யாராவது அவசரப்பட்டுத் தண்டைச் செருகித் தள்ளப் பார்த்தால் கைமேல் அடி விழும். "தள்ளாத! தானா எறங்கட்டும். உந்தொண்டையில எவனாச்சும் சோத்தத் தள்ளுனா சும்மா இருப்பியா?"

சேலத்து மருத்துவமனை ஒன்றில், பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் மூத்த நர்ஸ் அவர். வீடு செவ்வாய்ப்பேட்டை. ஞாயிறு பூசைக்குத் தாமதமாகப் போய், முடியுமுன்னே எழுந்து வந்துவிடுவார். குழந்தைகள் எல்லாம் அவருக்குச் 'சாமி'. தாய்மார்கள் எல்லாம் 'ஏ புள்ள'.

நாமகிரிப்பேட்டை சௌந்தர்யாவுக்கு ஏழாம் மாதமே மகள் பிறந்துவிட்டாள். எடை ஒரு கிலோகூட இல்லை. தாய்க்குப் பால் ஊறவில்லை. அவளுடைய அண்ணன் வெள்ளியங்கிரி, போர்வெல் வண்டி ஓட்டுபவர், கண்ணாடிக் கதவருகே ஆன்சியிடம் பிடிபட்டார். சட்டைப்பையில் மருந்துக்குப்பி நிறையச் சர்க்கரைத் தண்ணீர். நல்ல மனிதர் ஒருவர் பிறந்த குழந்தையின் நாக்கில் இந்த இனிப்பைச் சேனையாகத் தொட்டு வைத்தால் அவர் குணம் அதற்கு வரும் என்பது வழக்கம். குடும்பம் தாய்மாமனைத் தேர்ந்தெடுத்திருந்தது.

"ஏனுங்க சிஸ்டர், ஒரே ஒரு சொட்டுத்தானுங்க."

"கொடலே இன்னும் பழுக்கலீங்க. வயிறு உப்பிப்போச்சுன்னா நீங்க வந்து காப்பாத்துவீங்களா?"

"அப்ப நீங்களே எதாச்சும் வையுங்க. உங்க கொணமே வரட்டும்."

"என் வாயி வந்துச்சுன்னா அவளக் கட்டிக்க எவன் வருவான்?"

சிரித்தபடியே குப்பியைப் பிடுங்கிக்கொண்டார். உள்ளே திரும்பியதும் முகம் மாறிவிட்டது. முதல்பால் கிடைக்காமல் தவித்த குறைமாதக் குழந்தைகளை அவர் பார்த்திருக்கிறார். நாற்காலியைக் கண்ணாடிப் பெட்டியை ஒட்டி இழுத்துப்போட்டு, சௌந்தர்யாவை உட்காரவைத்தார்.

"எனக்குப் பாலே இல்லீங்கக்கா" என்று அவள் அழுதாள்.

"யாரு சொன்னா? செவுத்தப் பாத்துக்கிட்டுப் பீச்சுனா எப்பிடி வரும்? உம்புள்ளயப் பாத்துப் பீச்சு, புள்ள."

வெகுநேரம் கழித்துக் கிண்ணத்தின் அடியில் மஞ்சளாக இரண்டு மூன்று சொட்டுகள் தெரிந்தன. "இவ்வளவுதானுங்களா?" என்று சௌந்தர்யா குறுகிப்போனாள். ஆன்சி பஞ்சுக்குச்சியை அதில் தோய்த்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"கன்னத்துக்கு உள்ளாற தடவு. சேனைய நீயே வையி."

குச்சி பட்டதும் குழந்தையின் உதடுகள் அதைக் கவ்விக்கொண்டன.

கதவுக்கு வெளியே வெள்ளியங்கிரி இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஆன்சி அவரிடம் போனார். முகக்கவசத்தை இறக்கி, உள்ளே இருந்த சௌந்தர்யாவைக் கைகாட்டி, சுட்டுவிரலால் தன் நாக்கைத் தொட்டுக் காட்டினார்.