மூன்று பாஸ், ஒரு கோரைப்பாய்

என் கையெழுத்தைப் பார்த்துக் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஐந்தாம் வகுப்போடு பேனாவை வைத்துவிட்டுக் கோணி ஊசியை எடுத்தவன் நான். திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளுக்கு வாய் தைப்பது என் வேலை. நாற்பது வருஷமாகச் சணல் கோத்த கை, எழுத்தையும் அதே அகலத்தில்தான் போடுகிறது. ஒரு பக்கத்துக்கு எட்டு வரிக்கு மேல் நிற்கவில்லை. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம். சந்தேகம் வந்த இடத்தில் கைக்கு வந்ததைப் போட்டிருக்கிறேன். நீங்கள் படிப்புத் தெரிந்தவர்தானே, திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எழுத உட்கார வைத்தது ஒரு பை வேகவைத்த மல்லாட்டை. போன சனிக்கிழமை சென்னையில் ஓர் அரங்கத்தின் வாசலில் அதை என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மகள் கவிதாவுக்குச் சென்னையில் ஆபீஸ் வேலை. "அப்பா, ஏசி ஹால்ல தெருக்கூத்து போட்றாங்க, துரோபதி கதை. உனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் போட்டுட்டேன்" என்று போன் செய்தாள். டிக்கெட் என்றால் சீட்டு இல்லை. போனில் ஒரு கட்டம், அதற்குள் எறும்பு மொய்த்ததுபோல் புள்ளிகள். கீழே, ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் பக்கத்துக் கூத்தில் முதலில் வருகிற கட்டியக்காரன் முகத்துக்குப் பவுடரே பூசி முடித்திருக்க மாட்டான். கதவை ஆறரைக்குச் சாத்திவிடுவார்களாம். என் மனைவி அமுதா ஐந்து மணிக்கே என்னை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். ஏன் இத்தனை அவசரம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

"சாப்பிட்ற பொருள் உள்ள எடுத்துனு போவக் கூடாது சார்" என்றார் நீலச் சட்டைக்காரர்.

"இது மல்லாட்டைங்க" என்றேன், ஏதோ அது சாப்பிடுகிற பொருள் இல்லை என்பதுபோல.

பையை வாங்கித் தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்தார். உப்பும் ஈர மண்ணும் கலந்த அந்த வாசனை அத்தனை கண்ணாடிக்கும் பளிங்குக்கும் நடுவே குப்பென்று எழுந்தது. எனக்கு இருபத்துமூன்று வருஷத்துக்கு முந்தைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது.

எங்களுக்குக் கல்யாணமாகி வந்த முதல் மார்கழி அது. அமுதாவுக்கு ஊர் கெடார். அந்தப் பக்கத்துப் பெண்ணுக்குப் பாரதக் கூத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சபையில் மானம் இழந்த துரோபதி, துரியோதனன் ரத்தத்தைத் தடவித்தான் இனி கூந்தலை முடிவேன் என்று சபதம் போடுவாள். கடைசி நாள் விடியும்போது முடிப்பாள். அதற்காகத்தான் அத்தனை ஜனமும் ராவெல்லாம் பனியில் கிடக்கும்.

நான் யாரிடமும் அதிகம் பேசாதவன். புதுப் பெண்டாட்டியிடம் கேட்கவே வேண்டாம். கல்யாணமான ஆறு மாதத்தில் அவளாக என்னிடம் பேசிய நீளமான பேச்சு இதுதான்:

"எங்கூர்ல ஆம்பளதான துரோபதி வேஷம் கட்றது. ஒரு வருசம் ரைஸ்மில்லு பிட்டரு கட்னாரு. முடி முடிக்கச் சொல்ல டோப்பா கையோட வந்துட்ச்சி. ஊரே சிரிக்குது. எனுக்கு மட்டும் அழுவயா வந்திச்சி. எத்தினி வருசமா அந்த முடிய விரிச்சிப் போட்டுக்கினு இருந்திருப்பா அவ. ஒரு பொம்பள அத முடிக்கிறத ஒரு வாட்டி பாக்கணுங்க."

நான் "உம்" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. ஆனால் எப்படியாவது அதைக் காட்டிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வந்தார் அவளுடைய அண்ணன் ஏழுமலை. கொத்தனார். சென்னையில் ஒரு வீட்டு வேலையில் ஆறு மாதம் இருந்துவிட்டு, சென்னையையே தான்தான் கட்டியதுபோல் பேசுவார். அந்த வீட்டு அம்மா அவருக்கு மூன்று பாஸ் கொடுத்திருந்தார். சபாவில் நடன நாடகம், துரோபதி கதை.

"பொம்பளையேதான் ஆட்றாங்களாம் மாப்ள. நெச முடி. முட்டிக்கால் வரிக்கும் தொங்குமாம்."

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அமுதா நிமிர்ந்தாள். "முடி முடிக்கிற கட்டம் உண்டாண்ணா?"

"அது இல்லாம துரோபதி கதை ஏதும்மே?"

புறப்பட்டோம். மச்சான் தோளில் ஒரு கோரைப்பாய். அமுதா கையில் எலுமிச்சம்பழச் சோறு. என் கையில் வேகவைத்த மல்லாட்டை. எங்கே தங்குவது என்று நான் மெல்லக் கேட்டதற்கு மச்சான் சிரித்தார். "கூத்துன்னா விடிஞ்சாத்தான்யா முடியும். ரூமு எதுக்கு? முடிஞ்சதும் மொத பஸ்ஸ புடிச்சா ஜல்தியா வந்துடலாம்."

அவர் சட்டைப்பை கிழிந்திருந்ததால் பாஸ் மூன்றும் என் பையில் இருந்தன. பஸ்ஸில் எடுத்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். ஆனால் எண் எண்தானே. 6.30 - 8.30 என்று போட்டிருந்தது. இன்னொரு தரம் பார்த்தேன். அதேதான். காலையா மாலையா, சீட்டுக் கொடுக்கிற நேரமா, சாப்பாட்டு நேரமா என்று யோசித்தேன். ஐந்தாங்கிளாஸ்காரன் படித்ததில் என்ன இருக்கப்போகிறது என்று மடித்துப் பையிலேயே வைத்துவிட்டேன்.

எழும்பூரில் இறங்கியதும் மச்சான் மியூசியத்துக்கு அழைத்துப் போனார். செப்புச் சிலைகள் இருக்கிற கூடத்தின் வாசலில் நாங்கள் மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டோம். உள்ளே சாமி இருக்கும்போது வேறென்ன செய்வது? ஓர் அம்மன் சிலைக்கு எதிரே அமுதா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, தலையிலிருந்த கனகாம்பரத்தில் ஒரு கிள்ளு எடுத்துக் காலடியில் வைத்தாள். காவல்காரர் ஓடி வந்தார். "கோயிலாம்மா இது? எடு, எடு!" விளக்கும் இல்லாமல் பூவும் இல்லாமல் நின்ற அம்மனைப் பார்த்து அமுதா, "எந்தூர்ல இருந்து தூக்கிக்கினு வந்தாங்களோ பாவம்" என்றாள். வெளியே வந்தால் செருப்பைக் காணோம். பெருக்குகிற அம்மா அதை ஒரு மூலைக்குத் தள்ளியிருந்ததைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது.

அங்கிருந்து தி.நகர். ஒரு துணிக்கடையில் நகரும் படிக்கட்டு இருந்தது. மச்சான் பாயோடு அதில் மூன்று தரம் ஏறி இறங்கினார். புடவை வாங்கவில்லை, விலைகூடக் கேட்கவில்லை. பாய் மட்டும் போய்ப் போய் வந்தது. கடைச் சுவரில் கடிகாரம் ஏழு பத்து காட்டியது.

"போலாமா மச்சான்?" என்றேன். என் வாழ்நாளில் நான் காட்டிய தைரியங்களில் அதுவும் ஒன்று.

"இன்னா மாப்ள, அவசரம்? ஒங்கூர்ல கூத்துக்கு எத்தினி மணிக்குப் போவீங்க?"

"பத்துக்கு."

"அப்புறம்? மொதல்ல ரெண்டு மணி நேரம் புள்ளையார் பாட்டு, விருத்தம். அத எவன் போயிப் பாப்பான்? நாம போற நேரத்துக்குத்தான் சூடு புடிக்கும்."

அது எங்கள் பக்கத்தில் சத்தியமான பேச்சு. ஒன்பது மணிக்கு முன்னால் கூத்துக் களத்துக்குப் போகிறவனை வேலையற்றவன் என்பார்கள். நான் பைக்குள் கையை விட்டேன். பாஸின் முனை விரலில் பட்டது. அதை எடுத்து நீட்டினால் தங்கைக்கு எதிரில் மச்சான் முகம் சுருங்கும். நான் புது மாப்பிள்ளை, அவர் பெண் கொடுத்த வீட்டுக்காரர். கையை வெளியே எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அமுதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். களைப்பாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

சபாவுக்குப் போனபோது மணி ஒன்பதரை. வாட்ச்மேன் கேட்டுக்குச் சங்கிலி சுற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா?"

"கூத்து பாக்க வந்துக்கிறோம்" என்றார் மச்சான்.

வாட்ச்மேன் பாயைப் பார்த்தார். "அது எட்டரைக்கே முட்ஞ்சி போச்சே. பாயி எதுக்கு?"

"எட்டரைக்கா? அதுக்குள்ள எப்டிய்யா துரியோதனன சாவடிச்சாங்க?"

"அதெல்லாம் எனுக்குத் தெரியாதுப்பா. சாவடிச்சிட்டு வூட்டுக்குப் பூட்டாங்க."

அமுதா முன்னால் வந்து, கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அந்தம்மா முடி முடிச்சாங்களாங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "முடிச்சிருப்பாங்கம்மா. ஜனம் கை தட்டுச்சி. நான் வெளியதான இருந்தேன்."

பட்டணம் தூங்காது என்று மச்சான் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு அது எங்கள் கண்ணெதிரே ஷட்டரை இழுத்துவிட்டுத் தூங்கப் போனது. கடற்கரைக்குப் போய்ப் பாயை விரித்தோம். இரண்டு போலீஸ்காரர்கள் தடியால் மணலைத் தட்டி எழுப்பினார்கள். "பேஜாரு புடிச்ச ஊரு" என்று மச்சான் கட்சி மாறினார். கடைசியில் கோயம்பேடு பஸ் ஸ்டாண்டில் ஒரு தூண் ஓரமாக இடம் கிடைத்தது. எங்களைப்போல் நூறு குடும்பம் அங்கே கிடந்தது. பட்டணத்து ராத்திரி வாழ்க்கை என்று நான் பார்த்தது அதுதான். கொசு, டீ, ஊர்ப் பேர் சொல்லிக் கத்துகிற கண்டக்டர்கள்.

அமுதா மல்லாட்டையைத் தொடவில்லை. கலைந்திருந்த கொண்டையை அவிழ்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மறுபடி முடிந்துகொண்டாள். மச்சானுக்கு வாய் சும்மா இருக்குமா?

"பாரு மாப்ள, துரோபதி கூந்தல் முட்ச்சிட்டா. கதை முட்ஞ்சிது. பாய சுருட்டு."

அவரே சிரித்தார். மறுநாள் பஸ் திண்டிவனத்தை நெருங்கி ஒலக்கூர் கூட்டுரோடு தாண்டும்வரை அவள் இரண்டு பேரிடமும் பேசவில்லை. அதற்குப் பிறகு பேசியதும், "எறங்கணும்" என்ற ஒரு சொல்தான்.

திங்கட்கிழமை கமிட்டிக்கு வந்ததும் அந்த மூன்று பாஸையும் ஒரு மல்லாட்டை மூட்டைக்குள் போட்டு வாயைத் தைத்துவிட்டேன். சாதாரணமாக ஒரு மூட்டைக்குப் பன்னிரண்டு குத்து குத்துவேன். அதற்கு இருபது குத்தினேன். ஏதோ ஓர் எண்ணெய் மில்லுக்குப் போயிருக்கும்.

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். ஏசி, மெத்தை நாற்காலி, இருட்டு. கூத்துக்குப் போனால் நடுவில் தூங்குவது எங்கள் வழக்கம். அதில் வெட்கம் எதுவும் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் எந்தக் கட்டத்தில் எழுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படுக்க வேண்டியதுதான். வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போனவன்கூட, "எழுந்திருய்யா, கர்ணன் சாவப் போறான்" என்று விலாவில் முழங்கையால் இடித்து எழுப்பிவிடுவான். அதில் மட்டும் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. நானும் அமுதாவிடம், "முடி முடிக்கச் சொல்ல எழுப்பு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன்.

கைதட்டல் என்னை எழுப்பியது. விளக்கெல்லாம் எரிந்தது. மேடையில் கவிதா வயதில் ஒரு பெண் துரோபதி வேஷத்தில் கும்பிட்டு நின்றாள். சொந்த முடி. உச்சியில் முடிந்திருந்தாள். அமுதா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் எழுப்பல?"

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "அன்னிக்கி பாஸுல எட்டரைன்னு போட்டிருந்திச்சே. நீங்க சொன்னீங்களா?"

நாற்காலியில் நிமிர்ந்தேன். "ஒனக்குத் தெரியுமா?"

"நான் எட்டாவது படிச்சவங்க. பஸ்ஸுல ஒங்க தோள்மேலதான சாஞ்சிக்கினு வந்தேன். ரெண்டு வாட்டி எடுத்துப் படிச்சீங்க."

"அப்ப நீயே சொல்லியிருக்கலாமே?"

"எங்கண்ணன் அது. நான் எப்டி சொல்றது? நீங்க வாயத் தொறப்பீங்கன்னு பாத்தேன். அந்தத் துணிக்கடையில பையில கைய வுட்டீங்களே, அப்பக்கூடப் பாத்தேன்."

பாருங்கள் கூத்தை. மூன்று பேர் போனோம். இரண்டு பேருக்குத் தெரியும். தெரியாத ஒருவர் எங்களை வழிநடத்திக்கொண்டு போனார். யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும். எனக்கு யார்மேல் எரிச்சல் என்றே இப்போது தெரியவில்லை.

"எப்டி இருந்திச்சி?" என்று கேட்டேன்.

"நல்லா முட்ச்சிச்சி அந்தப் பொண்ணு" என்றாள்.  அதற்குமேல் கேட்கிற தகுதி எனக்கு இல்லை. வாசலில் மல்லாட்டைப் பையையும் காணோம்.

மச்சான் போய் மூன்று வருஷமாகிறது. சென்னைக்காரர்களுக்குக் கதை சொல்லத் தெரியவில்லை, எட்டரைக்கே துரியோதனனை முடித்துவிட்டார்கள் என்று கடைசிவரை குறைசொல்லிக்கொண்டே போனார். கெடாரிலும் இப்போது பத்து மணிக்கு மைக்கை நிறுத்தச் சொல்கிறார்கள். வாடகைக்கு பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது. அதில் உட்கார்ந்து கழுத்து வலியோடு கண்ணசரலாம், கால் நீட்டிப் படுக்க முடியாது. படுக்காதவனை யார் எழுப்பப்போகிறார்கள்? விலாவில் ஓர் இடி வாங்கிப் பல வருஷமாகிறது. போன சனிக்கிழமை ஒன்று கிடைத்திருக்க வேண்டியது. அதைக் கெடுத்துக்கொண்டவன் நானேதான்.

அந்த மூன்று பாஸும் எங்கே போயின என்று அமுதா இன்னும் கேட்கவில்லை. அவள் கேட்கும்வரை காத்திருப்பது என் வழக்கம். இந்தத் தரம் வேண்டாம். இந்தத் தாள்களை மடிக்காமல் அப்படியே முதலில் அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

மார்கழி பதினொன்று, வெள்ளிக்கிழமை.