பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன சுண்டல்

உப்பளம் பகுதியில் எங்கள் தெருவில் என் மகளின் வாய் பிரசித்தம். மீன்காரம்மாவைக்கூட நிறுத்திக் கதை பேசுவாள். மூன்றாம் வகுப்பு வரை தமிழில் படித்தாள். நான்காம் வகுப்பில் எல்லாப் பாடமும் இங்கிலீஷ் என்று மாற்றிவிட்டார்கள். வகுப்பில் தமிழ் பேசினால் வாசலில் முட்டி போட வேண்டும். எனக்கும் அவள் அப்பாவுக்கும் இங்கிலீஷ் தெரியாது. முருகனைத்தான் தெரியும். "எம் பொண்ணுக்கு இங்கிலீஷ் வந்துட்டா அவ கிளாசுக்கே சுண்டல் குடுக்கறேன்பா" என்று வேண்டிக்கொண்டு கிருத்திகைதோறும் விரதம் இருந்தேன்.

வீட்டில் அவள் வழக்கம்போலத்தான் பேசினாள். பள்ளிக்கூடத்துக் கதை மட்டும் சொல்வதில்லை. ஒருநாள் மிஸ்ஸைப் பார்த்துக் கேட்டேன்.

"உங்க பொண்ணா? கிளாஸ்ல ஒரு வார்த்தை தமிழ் கிடையாதும்மா. மத்ததுங்க அவளைப் பாத்துக் கத்துக்கணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த கிருத்திகைக்கு மூக்கடலைச் சுண்டல் செய்து, சாமிக்குப் படைத்து, சாப்பாட்டு மணி நேரத்தில் தூக்குவாளியோடு போய் நின்றேன்.

ஒரு பையன் கையை நீட்டிக்கொண்டே, "ஆன்ட்டி, நீங்க ஊமையோட அம்மாவா?" என்றான்.

"யாருடா ஊமை?"

"உங்க பொண்ணுதான். ஸ்கூல்ல வாயே தொறக்காது."

"கிள்ளினாக்கூட கத்தாது ஆன்ட்டி, பாக்கறீங்களா?" என்ற இன்னொருத்தி, நான் தடுப்பதற்குள் என் மகளின் கையைக் கிள்ளிவிட்டாள். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சத்தம் வரவில்லை. சுற்றி நின்ற பிள்ளைகள் சுண்டல் வாயோடு சிரித்தார்கள்.

மிஸ்ஸிடம் ஓடினேன். "இங்கிலீஷ் பேசறான்னீங்களே மிஸ்?"

"நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்? தமிழ் பேசறதில்லன்னேன். எனக்கே இந்த வருஷந்தான் இங்கிலீஷ்ல நடத்தச் சொல்லியிருக்காங்க. வாயை மூடினு இருக்கற புள்ளைய நான் இன்னா கொற சொல்றது?" என்றவர், ஒரு வாய் போட்டுக்கொண்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

சாயங்காலம் எண்ணெய் தடவச் சட்டைக் கையைத் தூக்கினேன். பழைய தடங்கள் தோள் வரை கன்றிக் கிடந்தன.

"வலிச்சா 'அம்மா'ன்னு கத்தறதுக்கு இன்னாடி?"

"அது தமிழாச்சேம்மா. முட்டி போடச் சொல்வாங்க."

மறுநாள் காலையில் நெற்றியில் திருநீறு பூசி, அதே வகுப்புக்குத்தான் அனுப்பினேன். வேறு எங்கே அனுப்புவது?