கதை என்று மேலே போட்டிருந்தது

அம்மாவுக்கு வலது கண் முழுதும் போய்விட்டது. இடது கண்ணில் நடுப்பகுதி மங்கி, ஓரங்களில் மட்டும் கொஞ்சம் பார்வை மிச்சம் இருந்தது. நான் நெய்யாற்றின்கரையில் ஒரு கண்ணாடிக் கடையில் பதினாறு வருடமாகக் கண் பரிசோதிக்கும் வேலை செய்கிறேன். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருடைய பவர் எனக்கு மனப்பாடம். பெற்ற தாய்க்கு மட்டும் எந்த லென்சும் பொருத்திக் கொடுக்க முடியவில்லை. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது ஒன்றுதான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அம்மா வாசிக்க விரும்பியதும் ஒன்றே ஒன்றைத்தான். அண்ணன் எழுதுவதை.

அண்ணன் கனடாவில் இருக்கிறான். அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனதுதான் கடைசி; அதற்கு ஒன்பது வருடம் ஆகிறது. இணையத்தில் வரும் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் வெள்ளிக்கிழமைதோறும் எழுதுவான். அங்கே விழும் பனி, இங்கே பெய்த மழை, சபைப் பள்ளிக்கூடம், அம்மா கஞ்சி முக்கிக் காயப்போடும் பாலராமபுரம் நேரியல் மேல்துணி என்று எல்லாம் அதில் வரும். எழுதி முடித்ததும் வாட்ஸ்அப்பில் அதன் லிங்க்கை மட்டும் அனுப்புவான். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி கூட இருக்காது.

அந்தப் பத்திரிகையின் பக்கம் திருவிழாக் கடை மாதிரி. நான்கு வரி கட்டுரை, பிறகு ஒரு விளம்பரம். அடியிலிருந்து ஒன்று எழும்பி வரும், பக்கவாட்டிலிருந்து ஒன்று நுழையும். கடையில் யாருக்காவது பவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா கூப்பிடுவாள். "மக்கா, இதுல ஒரு பெண்ணு உள்ளுடுப்போட நிக்குது. நான் தள்ளத் தள்ள போவ மாட்டேங்குது." ஒருமுறை சபைப் பெண்கள் வீட்டு ஜெபத்துக்கு வந்து கண்ணை மூடியிருந்த நேரம், அம்மாவின் கை பட்டு ஒரு சீட்டாட்ட விளம்பரம் கொட்டு மேளத்தோடு பாட ஆரம்பித்தது. அம்மா போனைத் தலையணைக்கு அடியில் திணித்தாள். அங்கேயும் அது பாடியது. அன்று முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை.

வழி காட்டியது கடைக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண். ஃபிரேம் மாற்றக் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து போனில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள். புத்தகம் மாதிரி வெறும் எழுத்து. வேறு எதுவும் இல்லை. எப்படி என்று கேட்டேன். "சேச்சி, இந்த ரீடர் மோடு ஞெக்கினா மதி" என்று முகவரிக்குப் பக்கத்தில் தாள் மாதிரி இருந்த சின்னப் படத்தை அழுத்திக் காட்டினாள். அவ்வளவுதான். விளம்பரம், வேறு செய்திகளின் தலைப்புகள், ஆடுகிற பெட்டிகள் எல்லாம் மறைந்து எழுத்து மட்டும் நின்றது.

அன்று சாயங்காலமே அம்மாவின் போனில் அதைச் சரிசெய்தேன். கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, ஒரு திரைக்கு ஏழெட்டுச் சொல் மட்டும் வருகிற அளவு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தானாகவே இந்த முறையில் வரும்படி வைத்தேன். அம்மா முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்தாள்.

"இப்பம் புஸ்தகம் போல உண்டு மக்கா."

நாற்பது வயது தாண்டிய பிறகு அம்மாவிடமிருந்து எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அண்ணனின் கட்டுரையை அவள் வெள்ளிக்கிழமை தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமை முடிப்பாள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். முடித்ததும், "நல்லாருக்குன்னு அவனுக்குப் போடு" என்பாள். நான் போடுவேன். அவன் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவான்.

உண்மையைச் சொன்னால் எனக்கு எரிச்சலும் உண்டு. அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து நாலு வேளை, கடையிலிருந்து இடையில் ஓடி வந்தாவது விடுவது நான். குளிப்பாட்டுவது, மாதம் ஒருமுறை திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் நான். ஆனால் என்னோடு இருக்கும்போது அவள் அவனை வாசித்துக்கொண்டிருந்தாள்.

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வந்த எழுத்து கொஞ்சம் நீளம். அம்மா ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வரவில்லை, கால் வலி என்றாள். நான் திரும்பி வந்தபோதும் போனைப் பிடித்தபடியே இருந்தாள். மத்தியானம் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை காலை நான் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருக்கும்போது அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"மக்கா."

"என்னம்மா?"

"நான் செத்தாச்சு."

மாத்திரை ஏதாவது மாறிப் போய்விட்டதோ என்றுதான் முதலில் பயந்தேன். அவள் போனை நீட்டினாள். "நீயே வாசிச்சுப் பாரு. அடக்கம் வரைக்கும் எழுதியிருக்கான்."

நின்ற இடத்திலேயே வாசித்தேன். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று தகவல் வருகிறது. அவன் விமானம் ஏறுகிறான். மழையோடு விடியும் நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்கிறான். அம்மா அவன் கையைப் பிடித்து ஒரு மிடறு தண்ணீர் கேட்கிறாள், அவன் ஊட்டுகிறான், அவள் போய்விடுகிறாள். எல்லாம் எங்கள் அம்மாதான். இடது முன்கையில் இருக்கும் தீக்காயத் தழும்பு, வேதப்புத்தகத்துக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போடும் பழக்கம், சாக்பீஸ் பிடித்துப் பிடித்து வளைந்த விரல். ஒன்று மட்டும் வேறு. அந்த அம்மாவுக்கு ஒரே மகன். வேறு பிள்ளைகள் இல்லை.

"அவன் வந்து சேந்தானே" என்றாள் அம்மா. "அப்பாக்கு வர முடியல்ல. எனக்கு வந்துட்டான் பாத்தியா."

பஸ்ஸை விட்டுவிட்டு முற்றத்தில் நின்று அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம்.

"உயிரோட இருக்கிய அம்மையக் கொன்னு எழுதியிருக்கியே, உனக்கு வெக்கம் இல்லியா?"

அவன், "நீ எதைப் பாத்த? அது கதை. கதைன்னு மேலயே போட்டிருக்கு. கண்ணாடிக் கடையில இருந்தும் கண்ணு தெரியல்லியா?" என்று கேட்டான்.

கடைக்குப் போனதும் என் போனில் அந்தப் பக்கத்தை ரீடர் மோடு இல்லாமல் திறந்தேன். விளம்பரங்கள் குதித்தன. தலைப்புக்கு மேலே ஒரு சின்னச் சிவப்புப் பட்டை. அதில் வெள்ளை எழுத்தில் 'சிறுகதை'. நான் அம்மாவுக்காகத் துடைத்துக் கொடுத்த பக்கத்தில் அந்தப் பட்டையும் சேர்ந்து போயிருந்தது. வழக்கமாக அவன் எழுதுவது கட்டுரை என்பதால் எங்களுக்குச் சந்தேகமும் வரவில்லை. அப்போது ஒருவர் கண் பார்க்க வந்து உட்கார்ந்ததால் கீழே தள்ளிப் பார்க்காமல் மூடிவிட்டேன். மத்தியானம் அண்ணனுக்கு, 'தப்பு என்னுடையதுதான், மன்னித்துக்கொள்' என்று எழுதிப் போட்டேன். கட்டைவிரல் வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அது கதையாக்கும் அம்மா. சும்மா கற்பனை."

"கையில கிடக்க தழும்பும் கற்பனையா?" என்று மட்டும் கேட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் பைக் நிற்கும் சத்தம் கேட்டது. அம்மா முன் அறையில் நாற்காலியில் இருந்தாள். வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக ஒருவர், பின்னால் அவர் மனைவி. கதவருகே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஆருடே அது?" என்றாள் அம்மா.

"டீச்சரே..." என்று இழுத்தார் அவர். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். ஆளைத் தெரிந்தது. அண்ணனோடு படித்தவர்; உதியன்குளங்கரையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார்.

"உங்ககிட்ட நாலாங்கிளாசில படிச்சவனாக்கும் டீச்சர்."

அம்மா முகத்தைச் சாய்த்து அவருடைய வெள்ளை உடுப்பை ஓரக்கண்ணால் மேலும் கீழும் பார்த்தாள். "கேறி இரு மக்கா. துட்டி கேக்கவா வந்த?"

துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் டீச்சரே இப்படிக் கேட்டதும் அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்கு உட்காரவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. நான் சாயா போடப் போனபோது பின்னாலேயே அடுக்களைக்கு வந்து, மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசினார்.

"தங்கச்சி, நான் கதைன்னு பாத்தேன். ஆனா டீச்சரப் பத்தித்தானே எழுதியிருக்கான். அதுக்கு அடியில போயி நான் கேட்டேன், டீச்சர் போயாச்சா, அடக்கம் எப்பம்னு. அவன் பதில் போட்டான். அதனாலதான் வந்தோம்."

போனில் காட்டினார். கதைக்கு அடியில் வாசகர்கள் எழுதும் இடம். அவர் கேட்டிருந்தார். அண்ணன் எழுதியிருந்தான்: 'எல்லாம் முடிந்தது மச்சான். பிரார்த்தனையில் நினைத்துக்கொள்.'

அவர் கையிலிருந்து போனை வாங்கிக் கீழே கீழே தள்ளினேன். முடியவே இல்லை. ஆழ்ந்த இரங்கல். அம்மாவின் ஆன்மா இளைப்பாறட்டும். உங்களைப் போல ஒரு மகன் கிடைக்க அந்தத் தாய் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே அண்ணன் வந்து நன்றி சொல்லியிருந்தான். 'காலம்தான் ஆற்ற வேண்டும்' என்று ஒருவருக்கு. 'கடைசி நேரத்தில் அருகில் இருந்தேன் என்பது ஒன்றே ஆறுதல்' என்று இன்னொருவருக்கு. இது கதைதான், என் அம்மா நன்றாக இருக்கிறாள் என்று ஒரு இடத்தில் கூட இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவர் மனைவிதான் ஓடி வந்து அணைத்தாள்.

அவர்கள் போன பிறகு அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்.

"கதைன்னு சொன்னியே. துட்டி வாங்கி வச்சிருக்கியே, அதும் கதையா?"

"ஒவ்வொருத்தனுக்கும் விளக்கம் சொல்லிட்டிருக்க முடியுமா? அவனுவ நம்புறானுவன்னா அது எழுத்துக்க பலம். உனக்கு இதெல்லாம் புரியாது."

"உன் கூடப் படிச்சவருக்கு என்ன சொன்ன? அவரு வெள்ளையும் உடுத்திட்டு வந்து அம்மைக்க முன்னால நின்னாரு."

அதோடு நான் விட்டிருக்கலாம். ஆனால் ஆறு நாளாக நெஞ்சில் கிடந்தது வேறொன்று. அதையும் கேட்டேன். "எல்லாத்தையும் எழுதின. காலண்டர் அட்டை வரைக்கும் எழுதின. நான் எங்க போனேன்?"

"அது... கதையில ஆள் கூடினா வாசிக்கவனுக்க கவனம் சிதறிப் போவும்."

இவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். அம்மாவுக்காகத்தான் சண்டை போடுகிறேன் என்று அந்த நிமிடம் வரை நம்பியிருந்தேன். இல்லை, எனக்காகவும்தான். அதைத் தெரிந்துகொண்டது இன்னும் கேவலமாக இருந்தது.

"இஞ்ச தா" என்று அம்மா கையை நீட்டினாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. போனைக் கொடுத்தேன். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன்.

"மக்கா, சாப்பிட்டியா?" என்றாள். அவன் ஏதோ சொன்னான். "ம். நல்லா எழுதியிருக்க. ஒரு பிழை உண்டு, கேட்டியா. நான் செத்துப்போற இடத்துல 'அம்மா இரந்தாள்'னு போட்டிருக்க. இரந்தாள்னா பிச்சை கேட்டாள்னு அர்த்தமாக்கும். அங்க வல்லின ற வரணும். நான் ஆருகிட்டயும் இரக்கல்ல மக்கா. இறந்ததாத்தானே நீ எழுத நினச்ச?"

அம்மா போனை என்னிடம் தந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எழுத்தைத் திருத்தியிருந்தான். 'இறந்தாள்' என்று சரியாக இருந்தது. அடியில் இரங்கல்கள் அப்படியே இருந்தன. அவன் சொன்ன நன்றிகளும் அப்படியே. உதியன்குளங்கரைக்காரர் எழுதியதை மட்டும் காணவில்லை. அவரே அழித்தாரா, அண்ணன் அழித்தானா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அவனோடு பேசுவதில்லை. அவன் ஒருமுறை, விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினான். அவளே பதில் போட்டாள். அம்மா இப்போது போனில் வேதப்புத்தகத்தின் சங்கீதங்களை வாசிக்கிறாள், மலையோர மழைச் செய்தி வாசிக்கிறாள், நெய்யாறு அணை திறந்தார்களா என்று அணைக்குப் பக்கத்தில் கள்ளிக்காட்டில் இருக்கும் சித்தியிடம் கேட்டுச் சொல்கிறாள். அண்ணனின் லிங்க் வந்தால் தொடுவதில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. சபையில் யாராவது, "மகன் இப்பமும் எழுதுதானா டீச்சர்?" என்று விசாரித்தால், "எழுதுவானாயிருக்கும். எனக்குக் கண்ணு தெரியாதே" என்கிறாள்.

நேற்று சொட்டு மருந்து விடும்போது அவள் தலையை என் மடியில் வைத்திருந்தேன். மருந்து கன்னத்தில் வழிந்தது. துடைத்துவிட்டேன். "நாளைக்கு நாலு மணி மருந்துக்கு முன்ன வந்திருவியா?" என்று கேட்டாள். வருவேன் என்றேன்.