எங்கள் அக்காவின் நீலக் கல்லும் அதன் ஊரும்

முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், எங்கள் அக்காவை அவர் முதுகுக்குப் பின்னால் "கல் பைத்தியம்" என்று சொல்லியிருக்கிறீர்கள். இன்று சத்தமாகவே சொல்லலாம். அது அக்காவுக்குத் தெரியும். அதற்காக அவர் ஒருநாளும் வருந்தியதில்லை.

அக்கா பிறந்தது ஃபேரர் பார்க்கில். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா தையல் இயந்திரத்தை மிதிக்க, அக்கா அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் எடுத்துக்கொண்டே படித்து வேதியியல் ஆசிரியை ஆனார். யாராவது "முடியாது" என்றால் "ஏன் முடியாது?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் பாலிடெக்னிக் படிப்பை முடித்தேன். திருமணத்துக்குப் பின் அத்தானோடு சுவா சூ காங்கில் குடியேறினார்.

பணி ஓய்வுக்குப் பிறகு, சமையல் மேடைக்குக் கல் வாங்க ஜாலான் புசாரில் ஒரு கடைக்கு எங்களை இழுத்துக்கொண்டு போனார். மேடைக்கல்லை அத்தான் தேர்ந்தெடுத்தார். அக்கா கடை ஓரத்தில் கிடந்த உடைசல் குவியலில் குனிந்துவிட்டார். ஒரு துண்டில் நீலப் புள்ளிகள்.

"அதுவும் கிரானைட்தான் லா, டீச்சர். இந்தியா கிரானைட். சும்மாவே எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர்.

"இது கிரானைட் இல்லைங்க. பூமிக்கு அடியில சூட்டுலயும் அழுத்தத்துலயும் கிடந்து உருமாறின பாறை. எந்த ஊருக் கல்லு?"

"கண்டெய்னர்ல வருது டீச்சர். கல்லுக்கு ஏது ஊரு?"

அந்தப் பதில்தான் அக்காவைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் எஃகு ஊசியால் கீறிப் பார்த்தார், கீறல் விழவில்லை. அதனால் கயனைட் என்ற நீலக் கனிமம் இல்லை. விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்பும்போது நிறம் வெகுவாக வெளிறினால் அது கார்டியரைட் என்ற இன்னொரு நீலக் கனிமம். இது அவ்வளவாக வெளிறவில்லை. சஃபிரின் என்ற அரிய கனிமமாக இருக்கலாம் என்றார். ஆனால் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் கல்லை அறுத்து, ஒரு சீவலை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமாம்.

"இருக்கிறதே ஒரு துண்டு. அழகா இருக்கு, விட்டுடேன்" என்றேன்.

"பேர் தெரியாம அழகு பார்த்து என்னடா பண்றது?" என்று பாதியை அறுக்கக் கொடுத்துவிட்டார். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தோழி பார்த்துச் சொன்னார்: சஃபிரின்தான்.

நாங்கள் கேசரி கிண்டினோம். அக்கா மட்டும் கல்லைத் தன் சேகரிப்பு இருக்கும் அலமாரியில் வைக்க மறுத்துவிட்டார். எடுத்த இடம் தெரியாத கல்லைச் சேகரிப்பில் சேர்க்கக் கூடாது என்பது கல் சேகரிப்பவர்களுடைய வழக்கம். ஊர் தெரியும்வரை அது செய்தித்தாளில் சுற்றியபடி சோபாவுக்கு அடியில் கிடந்தது.

கடைக்காரரை நச்சரித்து, அவர் வழியாக ஏற்றுமதியாளரைப் பிடித்து, வத்தலக்குண்டுப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு குவாரி என்பதுவரை கண்டுபிடித்தார். அதற்குள் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. சிகிச்சைக்கு இடையே கிடைத்த ஓய்வில் பயணத்துக்கு மருத்துவரிடம் அனுமதி வாங்கியதும் அக்காதான். எனக்குக் கோபம் வந்தது. "உடம்பு முக்கியமா, கல்லு முக்கியமா?" என்று கேட்டேன்.

"உடம்பு எப்படியும் போகப்போகுது. அதுக்குள்ள இதை முடிக்கணும்" என்றார்.

குவாரிச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டுப் போனோம். வெயிலில் குடை பிடித்தது நான். சுத்தியல் பிடித்தது அத்தான். நீலமாக எது தெரிந்தாலும் அத்தான் "கிடைச்சிருச்சு!" என்று கத்துவார். அக்கா திருப்பிப் பார்த்து, "கார்டியரைட். கீழ போடுங்க" என்பார். திரும்பும் நாள் மதியம், நடக்க முடியாமல் கல் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி ஒன்றை எடுத்தார். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஊர்ப்பெயரை எழுதி அதில் ஒட்டினார். ஊருக்குத் திரும்பியதும் அதையும் அறுக்கக் கொடுத்தார்!

ஆய்வு முடிவு வந்தபோது அக்கா மருத்துவமனையில் இருந்தார். தோழி இரண்டு சீவல்களின் படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினார். அதே சஃபிரின், அதைச் சுற்றி அதே கனிமங்கள். அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, அந்தப் பழைய கல்லை இப்ப அலமாரியில வை" என்றார். அன்று மாலையே வைத்தேன். அந்த வாரக் கடைசியில் அக்கா இறைவனிடம் சென்றார்.

கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன கல் கடைக்காரருக்கும், தோழிக்கும், இரவு பகல் பாராமல் கவனித்த தாதியருக்கும், செபமாலை சொல்ல வந்த பங்கு மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் அஸ்தி மாடத்துக்குப் பலகை செய்தவருக்கும் நன்றி. பெயரும் தேதிகளும் போதும், யாரும் ஊர் போடுவதில்லை என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"எங்க வீட்டம்மாவுக்குப் போடணும்ங்க" என்றார் அத்தான்.

பெயருக்குக் கீழே 'ஃபேரர் பார்க்' என்று இருக்கிறது. போகும்போது பாருங்கள்.