வைன் விருந்தில் கேட்ட மிளகாய்த்தூள்

தொண்ணூறுகளில், ரொறன்ரோவில் ஓர் இத்தாலிய உணவகத்தில் நடந்த வைன் விருந்துக்கு என் மனேஜர் எங்களையும் அழைத்திருந்தார். ஒவ்வொரு வைனுக்கும் பொருத்தமான உணவைச் சமையல்காரரே கொண்டுவந்து விளக்கினார். என் கணவரோ வைனை மணந்துகூடப் பார்க்காமல் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சமையல்காரரிடம் மிளகாய்த்தூள் கேட்டார்.

"இஞ்சாருங்கோ, மானம் போகுது!" என்று அவர் காலை மிதித்தேன்.

"உறைப்பில்லாமல் உதுகளை எப்பிடியப்பா தின்னுறது?"

சமையல்காரர் சட்டென்று உள்ளே போனார். கோபித்துவிட்டார் என்று நினைத்தேன். அவரோ எண்ணெயில் ஊறிய மிளகாய்ப் போத்தலோடு திரும்பிவந்து, "இத்தாலியில் என் ஊரிலும் இது இல்லாமல் சாப்பிடமாட்டோம். இங்கே யாரும் கேட்பதில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லி, கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் கண்ணீர் வழியச் சிரித்துச் சாப்பிட்டார்கள்.

என் எரிச்சல் என்மேலேயே திரும்பியது. முதல் தட்டிலிருந்தே எனக்கும் மிளகாய் வேண்டியிருந்தது. மனேஜருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.