பத்து எச்.பி. மோட்டாரும் சாந்தாமணியும்

1994 சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆர்.எஸ்.புரத்துக்குப் பின்னால் இருந்த நீச்சல் குளத்தை விட்டு சாந்தாமணி வெளியேறினாள். தனியாகப் போகவில்லை. அவளிடம் நீச்சல் பழகிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஈரத்தலையும் பிளாஸ்டிக் கூடையுமாகப் பின்னாலேயே வந்தார்கள். குளத்தின் முதலாளி சுந்தரராஜுலு வாசலில் நின்று, "போறவங்க போங்க. இந்தத் தண்ணி மாதிரித் தண்ணி கோயமுத்தூர்ல வேற எங்க கெடைக்குதுன்னு பாக்கலாம்" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. சொந்தமாகப் பம்ப்செட் கம்பெனி வைத்திருந்தவர் அவர். மூன்று எச்.பி. போதுமான குளத்துக்குத் தன் கம்பெனியின் பத்து எச்.பி. மோட்டாரைப் பூட்டியிருந்தார். ஆழமான பக்கத்தில், தரையில் ஒரே ஒரு வாய். அதன்மேல் தட்டையான இரும்புச் சல்லடை. அந்த வழியாகத் தண்ணீரை இழுத்துச் சுத்தம் செய்து திரும்ப விடுவார்கள். குளத்தின் அடியில் குண்டூசி கிடந்தாலும் தெரியும்.

சாந்தாமணி பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அவர்கள் கிணற்றில் ஒரு வழக்கம் உண்டு. அடிவரை முங்கினேன் என்று யாராவது சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரு பிடி சேறு அள்ளிவந்து காட்ட வேண்டும். கல்யாணமாகி டவுனுக்கு வந்தபின் பல வருஷம் பக்கெட் தண்ணீரோடு சரி. குளத்தில் மத்தியான நேரத்தைப் பெண்களுக்கென்று ஒதுக்கி, சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்று சுந்தரராஜுலு தேடியபோது உடனே ஒப்புக்கொண்டாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல?" என்றார் கணவர்.

"கேட்டா நீங்க யோசிப்பீங்க" என்றாள்.

டைல்ஸ் போட்ட குளத்தில் சேற்றுக்கு எங்கே போவது? அதனால் அடியில் இருக்கும் சல்லடையைத் தொட்டுவிட்டு வந்தால் பாஸ் என்று வைத்தாள். தொட்டு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்: "கையைப் புடிச்சு இழுக்குதுங்க்கா, உள்ள யாரோ இருக்கறாங்க."

"உன்ர மாமியாரா இருக்கும்" என்பாள் சாந்தாமணி.

குளத்தை விட்டு வெளியேறிய அந்த வாரம், செவ்வாய்க்கிழமை லோகப்பிரியா முங்கினாள். கல்லூரிப் பெண், இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை. போனவள் மேலே வரவில்லை. சாந்தாமணி பாய்ந்து முங்கிப் பார்த்தாள். சடையின் நுனி சல்லடைக்குள் போய், கயிறு போல விறைத்து நின்றது. இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை. மேலே வந்து, "மோட்டாரு!" என்று கத்தினாள்.

மோட்டார் ரூம் கேட்டுக்கு வெளியே இருந்தது. பெண்கள் நேரத்தில் ஆண்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்பதால், மோட்டார் பார்க்கும் ஐயாசாமி வெளியேதான் உட்கார்ந்திருப்பார். உள்ளே கூச்சல் கேட்பது தினமும் உள்ளதுதானே என்று இருந்துவிட்டார். தையல் வேலை செய்யும் செவ்வந்தி நனைந்த சுடிதாரோடு ரோட்டுப் பக்கம் ஓடினாள். "ஏனுங்க, மோட்டார அமத்துங்க!"

ஐயாசாமி மரியாதையாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "உள்ள போங்க அம்மணி, போறவாரவங்க பாக்கறாங்க."

செவ்வந்தி அவரைத் தள்ளிவிட்டு ரூமுக்குள் புகுந்து லீவரைக் கீழே இழுத்தாள்.

சடை விட்டது. மேலே தூக்கிப் போட்டதும் லோகப்பிரியா தண்ணீரைக் கக்கினாள், இருமினாள், கொஞ்சம் அழுதாள். அப்புறம், "தொட்டுட்டேனுங்க்கா. பாஸ்தானுங்களே?" என்றாள்.

யாரும் வீட்டில் மூச்சு விடவில்லை. ஒரு வீட்டுக்குத் தெரிந்தாலும் போதும், மறுநாள் ஒருத்தியும் குளத்துக்கு வர முடியாது. சாந்தாமணிக்கோ மூன்று இரவு தூக்கமில்லை. சொன்னால் நீச்சல் போகும். சொல்லாவிட்டால் அடுத்தவள் போவாள். சல்லடையைத் தொடச் சொன்னவளும் அவள்தான். வெள்ளிக்கிழமை சுந்தரராஜுலுவிடமே போய் நடந்ததைச் சொன்னாள்.

"நாங்க தண்ணிக்குள்ள இருக்கறப்ப மோட்டார அமத்திருங்க சார்."

"நாலு மணிக்கு வர்ற ஆம்பளைங்க தண்ணி கலங்கலா இருக்குதும்பாங்க."

"அப்ப சுச்சையாவது உள்ள வையுங்க."

"ஈரக்கையில சுச்சத் தொட்டு ஒருத்தி போயிட்டா? நீங்க ஜவாபு சொல்லுவீங்களா?" அதுவும் நியாயம்தான். "முடியக் கட்டிட்டு வரச் சொல்லுங்க அம்மணி."

"கட்டிக்கறோமுங்க. முடி சிக்காட்டிக் கை சிக்கும், முதுகு ஒட்டும். அதையெல்லாம் எங்கீங்க கட்டிவெக்கறது?"

அவள் கூடையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து பஸ் ஏறி அவள் அண்ணன் அங்கப்பனின் தோட்டத்துக்குப் போனார்கள். கிணறு என்றதும் சில வீடுகளில் வேண்டாம் என்றுவிட்டார்கள். மீதிப் பேர் வந்தார்கள். த்ரீ பேஸ் கரண்ட் காலையிலும் ராத்திரியும்தான். மத்தியானம் மோட்டார் ஓடாது. அப்படியும் சாந்தாமணி வந்தவுடன் மோட்டார் போர்டிலிருந்து ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள்.

"கரண்டே இல்லாத மோட்டாருக்கு எதுக்கு பீஸப் புடுங்கறே?"

"வரமாட்டேன்னு கரண்டு உங்களுக்கு வாக்குக் குடுத்துருக்குதுங்களாண்ணா?"

ஒருநாள் ஃபியூஸ் கட்டைகள் முந்தானையோடு டவுனுக்கே போய்விட்டன. அன்று ராத்திரி மஞ்சளுக்குத் தண்ணீர் பாயவில்லை. அங்கப்பன் அந்த வாரம் முழுக்கத் தங்கச்சியோடு பேசவில்லை. ஆனால் கிணற்றுப் படிக்கட்டில் பாசி வழுக்குகிறதென்று அவராகவே சுரண்டி வைத்திருந்தார். லோகப்பிரியா சடையை இறுக்கிக் கொண்டை போட்டு முங்கி, ஒரு பிடி சேறு அள்ளிவந்து எல்லோர் முகத்துக்கும் நேரே நீட்டினாள். டவுனில் எவளுக்கும் கிடைக்காத மத்தியானங்கள் அவை. சாந்தாமணி நன்றாகத் தூங்கினாள்.

மூன்று வருஷம் கழித்து ஓர் ஆவணி மாதக் காலையில் ஐயாசாமி சைக்கிளில் அவள் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வராமல், வாசலில் நின்றபடியே சொன்னார்.

"மொதலாளி சொல்லிட்டு வரச்சொன்னாருங்க. டைல்ஸ் மாத்தறதுக்கு முந்தி, முதுகு ஒட்டும்னு அந்தம்மா சொன்னத ஒருக்காப் பாத்துப்போடலாம்னு, ஒரு தட்டத்தக் கயித்துல கட்டிச் சல்லடை மேல எறக்குனாருங்க. நாலு பேரு இழுத்தோம். தட்டம் வரலீங்க, கயிறுதான் அந்துது. மொதலாளி அப்பவே மோட்டார அமத்தச் சொல்லிட்டாருங்க. இப்ப ஒண்ணுக்கு ரெண்டு வாயி, தள்ளித்தள்ளி வெச்சிருக்குதுங்க, ஒண்ணு அடைச்சாலும் இன்னொண்ணு இழுத்துக்கும். மேல கிண்ணத்தக் கமுத்துனாப்பல மூடி. மோட்டாரு மூணு எச்.பி.தான். உள்பக்கச் செவுத்துல ஒரு பட்டன் இருக்குதுங்க, ஈரக்கையில அமுக்குனாலும் ஷாக் அடிக்காதாமா. நீங்க வந்து அமுக்கிப் பாத்துச் சரின்னாத்தான் குளத்தத் தொறப்பேங்கறாருங்க."